தந்தியைக் கொடுக்க மறுத்தவர்

எழுபதுகளில் சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களில் செத்துப்போன அத்தனை பேரின் சாவுச் செய்தியையும் கொண்டுவந்தவர் ஒரே ஆள்தான். அவர் பெயர் தந்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பகலில் அவருக்கும் எனக்கும் கப்பல் பட்டறை ஸ்டோரில் வேலை. மாலையில் சமூக மன்ற மேடையில் அவர் தந்திக்காரர்; நான் அதை வாங்கிப் படித்துவிட்டு "ஐயோ!" என்று சரிகிற வீட்டுக்காரன். "சார், தந்தி!" என்பது மட்டும்தான் அவருடைய வசனம். சொன்னால் சிராங்கூன் ரோட்டில் பூக்கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒருமுறை மைக் பழுதாகி எல்லாரும் தவித்தோம். தந்திக்கு மைக் போனதே தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் குழுவைத் தொலைக்காட்சி நாடகத்துக்கு அழைத்தார்கள். தயாரிப்பாளர் தந்தியிடம், "அண்ணே, இதுல தந்திக்காரனக் கத்தாம செஞ்சு காட்டுங்க. அடுத்த நாடகத்துல அப்பா வேஷம் உங்களுக்குத்தான்" என்றார்.

பத்து வருடத்துக்கும் மேலாக வாசலோடு திரும்பிய மனிதர். அப்பா என்றால் வீட்டுக்குள் போகலாம், நாற்காலியில் உட்காரலாம், காப்பிகூடக் குடிக்கலாம்!

மறுநாளே ஒரு மாலை நேர நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டார். எந்தப் பாத்திரமானாலும் அதனுடைய முழு வாழ்க்கையையும் யோசிக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். பிடித்தது சனி.

"தம்பி, தந்திக்காரன் காலையில என்ன சாப்பிட்டிருப்பான்?"

"ரொட்டி பிராட்டா லா. வேலையப் பாருங்கண்ணே."

"சாப்பிட்டிருக்க மாட்டான்டா. கையில சாவுச் சேதி. எப்படி எறங்கும்?"

படப்பிடிப்பில் நான் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தேன். வெளியே தந்தி, கண்ணில் நீரோடு நின்றார். காகிதத்தைப் பிடித்தேன். அவர் விடவில்லை. இழுத்தேன். அவரும் இழுத்தார்.

"கட்! அண்ணே, குடுத்துட்டுப் போங்கண்ணே!"

"எப்படி சார் குடுக்கிறது? அவரு அம்மா செத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. பாவம், இப்பத்தான் சிரிச்சுக்கிட்டு வந்தாரு."

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் இதே கூத்து. நான்காவது முறை நான் பிடுங்கியதில் பாதித் தந்திதான் கையில் வந்தது. அந்தப் பாதியைப் படித்தே சரிந்து விழுந்தேன். "அப்பா வேஷத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தயாரிப்பாளர் போய்விட்டார்.

ஆனாலும் ஒளிபரப்பு நாளில் தந்தி ஆங் மோ கியோவில் என் வீட்டுக்கு மாப்பிள்ளை மாதிரி சில்க் சட்டையில் வந்து உட்கார்ந்தார். தொலைக்காட்சிப் பெட்டியில் நான் கதவைத் திறந்தேன். அவர் முகத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒரு கை மட்டும் தெரிந்தது. தந்தியை விட மனமில்லாமல் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாருங்க அது? குடுக்க மனசே வரல பாருங்க."

"நான்தாம்மா" என்றார் தந்தி, வெட்கத்தோடு.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.