காப்பு அவிழ்க்கும் மணி

வரைபடத்தில் தேடினால் அகப்படாத நாடு அது. தேடாமலே பலர் அதில் குடியிருந்தார்கள். பத்தியபுரி என்று பெயர். அந்நாட்டு வைத்தியர்கள் நாடி பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைப் பார்த்தார்கள். மஞ்சள் கயிறு இருந்தால், "வாங்க, உட்காருங்க" என்பார்கள். இல்லாவிட்டால், "கொஞ்சம் காத்தாட நடங்க, சரியாயிடும்" என்பார்கள்.

அந்தக் கயிற்றுக்குக் காப்பு என்று பெயர். வேலை கொடுப்பவர்தான் வேலைக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் காப்புக் கட்ட வேண்டும். வேலை போனால் அவிழ்த்துவிட வேண்டும். நலத்துறை அமைச்சர் வரம்புடையாரின் முதல் ஆணை இது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பார்கள் அல்லவா? இந்தக் காப்புக் கட்டியவர்கள் வேலையைத் தாண்டவில்லை. தும்மல் நிற்காத கணக்கர் மிளகாய்க் கிடங்கிலேயே கிடந்தார். குரல் போன அரண்மனைப் பாடகர் பதினோரு வருடமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

"நம் மக்களின் பணிப்பற்றே பற்று!" என்று அமைச்சர் அவையில் நெகிழ்ந்தார்.

அரண்மனைக் கோபுரத்தில் மணி அடிப்பவள் செம்பாயி. மாலை மணி அடித்தால்தான் அவை கலையும்; புதிய நியமனங்கள் செல்லுபடியாகும். ஒருமுறை குரங்கு ஒன்று கோபுரத்தில் ஏறி, மணி அடிக்கும் கட்டையை எடுத்து நடுப்பகலில் அடித்துவிட்டது. பாதிப் பேச்சில் அவை கலைந்துபோனது. பேசிக்கொண்டிருந்தவர் அரசர். "மணிக்காரர் தவிர எவர் அந்தக் கட்டையைத் தொட்டாலும், தொட்ட நொடியே பதவி இழப்பார்" என்று அவர் ஆணையிட்டார். குரங்குக்குப் பதவி கிடையாது என்பதை அரசரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

செம்பாயியின் கணவன் வீரணன் மூட்டை தூக்குபவன். இன்று ஒரு கடை, நாளை ஒரு கடை. அவன் கையில் இருந்த கயிறு செம்பாயியின் வேலையால் வந்த கயிறு. தூக்கித் தூக்கி அவனுக்குக் குடலிறக்கம் கண்டிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, வைத்தியர் சுக்குமலையார் வெள்ளிக்கிழமை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்.

முன்பெல்லாம் வேலை போனவருக்கு மாதக் கடைசி வரை காப்பு இருக்கும். அது வீண் தாராளம் என்று கண்ட அமைச்சர், வேலை போகும் நாளின் மாலை மணி அடித்ததும் கயிற்றை அறுக்க வேண்டும் என்று இரண்டாம் ஆணை போட்டார். பிறகு சிக்கனம் கருதி, தேவையற்ற பதவிகளை ஒழிக்கும் மூன்றாம் ஆணை வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை மணி அடித்துவிட்டுக் கீழே இறங்கிய செம்பாயியின் எதிரே, இடுப்பில் கத்தரியுடன் பொன்னரங்கம் நின்றிருந்தார். அவர் காப்பு அவிழ்ப்பு அலுவலர்.

"மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பொழுது போகும் என அமைச்சரவை ஆராய்ந்து கண்டுள்ளது. எனவே நாளை காலை முதல் மணிக்காரர் பதவி இல்லை. நாளை மாலை மணி அடித்ததும் காப்பு இல்லை" என்று வாசித்தார்.

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு அறுவை இருக்குதுங்க. அதுவரைக்கும் கயிறு இருக்க ஏதாச்சும் வழி இல்லீங்களா?"

"வழிகள் பல உண்டு. அரசு கருணை மிக்கது." பொன்னரங்கம் ஏட்டைப் புரட்டினார். "தொடர்காப்பு. அரண்மனையின் பங்கையும் நீங்களே செலுத்தி இதே கயிற்றை வைத்துக்கொள்ளலாம். வேலை போன மறுநாள் அலுவலகத்துக்கு நேரில் வந்து கேட்க வேண்டும். கையில் காப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி."

"வேலை போனப்புறம் கையில காப்பு ஏதுங்க?"

"அதனால்தான் அங்கே கூட்டமே இருப்பதில்லை. அடுத்தது சந்தைக் காப்பு. யாரும் வாங்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்."

"நான் பொறுப்பேன். குடல் பொறுக்குமா?"

"கணவருக்கு வேலை கொடுப்பவர் கட்டலாமே?"

"ஒரு நாளைக்கு ஒருத்தர் கொடுக்கிறாரு."

"நாளைக்கு ஒரு கயிறென்றால் நாட்டில் நூல் போதாது. கடைசியாக, ஏழைகளுக்கான அறக்காப்பு. வீட்டுக்குக் கூரை இருக்கக் கூடாது."

"பிரிச்சுப் போட்டுடறேன்."

"கூரையைப் பிரிக்க அனுமதி பெற ஆறு மாதமாகும்." ஏட்டை மூடினார். "மணிக்கட்டையை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்."

செம்பாயி நீட்டினாள். பொன்னரங்கம் இரண்டடி பின்னால் போனார். "வேணாம்மா, நீங்களே வச்சுக்குங்க" என்றார், ஏட்டுத் தமிழை மறந்து.

மறுநாள் மாலை கத்தரியுடன் அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். வீரணன் வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தான். இருவர் கயிற்றிலும் கண்ணை வைத்துக்கொண்டு மூவரும் மணிக்காகக் காத்திருந்தார்கள். சூரியன் இறங்கியது. காகங்கள் அடைந்தன. மணி அடிக்கவில்லை.

அப்போதுதான் செம்பாயிக்கு உறைத்தது. பொன்னரங்கத்துக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும்.

"அம்மா, ஓடிப்போய் ஒரே ஒரு தட்டு தட்டிட்டு வந்துடுங்களேன்."

"நான் வேலையில இல்லீங்களே, ஐயா."

"நான் அடிச்சா என் வேலை போயிடும். என் வீட்ல நாலு கை என் கயித்த நம்பியிருக்கு."

"அப்ப உக்காருங்க. நீராகாரம் தரட்டுமா?" என்றான் வீரணன். அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

மணி அடிக்காததால் அவையும் கலையவில்லை. புதன் காலை கூடியவர்கள் வெள்ளிக்கிழமை விடிந்தும் அங்கேயே இருந்தார்கள். ஆளும் தரப்பும் எதிர்த் தரப்பும் ஒரே பாயில் தூங்கின. எழுந்ததும் ஒருவரையொருவர் கண்டித்தன. பசி தாளாத அரசர் கொட்டாவி விட, அதையும் குறிப்பேட்டில் பதிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சுக்குமலையார் வீரணனின் மணிக்கட்டைப் பார்த்து, "கயிறு இருக்கு, படு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை வெந்நீரில் போட்டார். கழிவறைக்குப் போவதாக அரசரிடம் அனுமதி பெற்ற அமைச்சர் வரம்புடையார், பொன்னரங்கத்தை அழைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"பெண்ணே, ஆட்சி நன்றாகவே நடக்கிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. அந்த மணியை..."

"அவளை மறுபடி வேலைக்கு வச்சுக்க வேண்டியதுதானே?" என்றான் வீரணன், பலகையில் படுத்தபடி.

"நியமனம் மாலை மணியிலிருந்தே செல்லுபடியாகும்."

"அப்ப குரங்கு ஆணையை ரத்து பண்ணுங்க."

"அது அரசர் ஆணை. மாற்றினால் அரசர் தவறியவர் ஆவார். நான் என் ஆணைகளை மட்டுமே மாற்றலாம்."

"அது போதுங்க ஐயா" என்றாள் செம்பாயி. மடியிலிருந்த பையிலிருந்து மணி அடிக்கும் கட்டை எட்டிப் பார்த்தது. "ஒருதரம் கட்டின காப்பு, வேலை போனாலும் அவிழாதுன்னு எழுதிக் குடுங்க. கட்டையத் தந்துடறேன்."

அமைச்சர் யோசித்தார். அவர் வயிறு பெரிதாகச் சத்தம் போட்டது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி, மோதிர முத்திரையை அழுத்தினார். செம்பாயி இரண்டு தரம் படித்துவிட்டுச் சீட்டை வைத்தியரிடம் கொடுத்தாள். பிறகு மரியாதையாக எழுந்து நின்று, கட்டையை நீட்டினாள்.

"வாங்கிக்குங்க ஐயா."

அமைச்சர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பொன்னரங்கம் தொண்டையைச் செருமினார். ஏட்டைப் புரட்டி, குரங்கு ஆணையை மெல்ல வாசித்தார். பலகையிலிருந்து, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று ஒரு முனகல் கேட்டது.

பதவியில்லாத வரம்புடையாருக்கு இனி கட்டையைத் தொடத் தடையில்லை. கோபுரத்தில் ஏறி அவரே மணி அடித்தார்.

சத்தம் கேட்டதும் அறுவையின் நடுவே சுக்குமலையாரின் கை ஒரு கணம் நின்றது. மயக்கத்தில் கிடந்த வீரணனின் மணிக்கட்டைச் செம்பாயி பார்த்தாள். பொன்னரங்கத்தையும் பார்த்தாள். அவர் கத்தரியை இடுப்பிலிருந்து கழற்றி, பஞ்சு வெட்ட உதவும் என்று வைத்தியரின் மேசையில் வைத்தார். செம்பாயி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அந்த வாரத்தில் முதன்முறையாக முழு மூச்சு விட்டாள்.

திங்கட்கிழமை வைத்தியர் வீட்டில் நல்ல கூட்டம். மிளகாய்க் கிடங்குக் கணக்கர் வேலையை விட்டதும் தும்மல் நின்றுவிட, வெறும் நலம் விசாரிக்க வந்திருந்தார். கடைசி ஆளாக வரம்புடையார் நின்றார். மூன்று நாள் அவைப் பட்டினி வயிற்றைக் கெடுத்திருந்தது. முறை வந்ததும் அவர் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிக் கயிற்றைக் காட்டினார்.

சுக்குமலையார் கயிற்றைப் பார்க்கவில்லை. விரலால் அதை ஒதுக்கிவிட்டு நாடி பார்த்தார்.