சூளகிரியில் நின்ற இரண்டு ரயில்கள்

பெண் பார்க்கப் போகிறவன் பூ, பழம் கொண்டு போகலாம். லேப்டாப் மட்டும் கொண்டு போகக்கூடாது. நான் கொண்டு போனேன்.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த பெண்ணின் அப்பாவுக்கு ஒரே ஆதங்கம், ஊருக்கு ரயில் இல்லை என்பது. தரகர் இதைச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் கம்ப்யூட்டரில் ரயில் விளையாட்டே கதியென்று கிடந்தவன் நான். லீவு போட்டு உட்கார்ந்து, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டேன். (அரசாங்கம் செய்யாததை மாப்பிள்ளை செய்தால் பெண்ணைத் தராமலா போய்விடுவார்?) சிக்னல் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று, கல்யாண மண்டபத்துக்கு சீரியல் லைட் போடுவதுபோல வழிநெடுக நட்டுத் தள்ளினேன்.

கேசரி, பஜ்ஜி முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். திரையில் 'கிருஷ்ணகிரி' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றி, லேப்டாப்புக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"மொத வண்டி தம்பி, சும்மா உடக்கூடாது."

இரண்டு ஊரிலிருந்தும் வண்டிகள் கிளம்பின. எல்லாரும் கைதட்டினார்கள். பாதிவழியில், சூளகிரியில் இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. ஒதுங்க வேறு தண்டவாளம் இல்லை. நடுவே சிக்னலே இல்லாதிருந்தால், ஒன்று வந்து சேரும்வரை மற்றது ஸ்டேஷனிலேயே காத்திருக்கும். நான் நட்டவையோ அடுத்த சிக்னல்வரை காலி என்றாலே பச்சை காட்டிவிடும்; அதை நம்பி இரண்டும் உள்ளே நுழைந்துவிட்டன. அட கஷ்டமே!

"ஏன் தம்பி நிக்குது?"

"கிராசிங்குங்க."

"எவ்ளோ நேரம்?"

(உலகம் அழியும்வரை என்று எப்படிச் சொல்வது?)

கற்பூரம் அணைந்தது. வண்டி அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா தொடையைக் கிள்ளினாள்.

"ஏத்துன மாங்கா அழுகிரும் போலக்குதே! இப்பிடி நடுவழில நிறுத்தறவர நம்பி எம்பொண்ண எப்பிடிக் குடுக்கறது?" என்றார் அவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேசரி கொடுத்தபோதே அவளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

அவள் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "ரெண்டுல ஒண்ணு பின்னாடி போகாதா?"

"போகும்..." என்று என் ஓசூர் வண்டியைப் பின்னோக்கித் திருப்பினேன். அது வந்த வழியே ஓசூருக்குப் போக, கிருஷ்ணகிரி வண்டி பின்னாலேயே ஜம்மென்று வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். "அப்பா, இவரு தன் வண்டியையே பின்னாடி எடுக்கறாருப்பா. இவரையே முடிச்சிரு."

முடித்தார்கள். இன்றும் எங்கள் சண்டை முற்றும்போது மாமனார் வந்துவிட்டால், செருப்பைக் கழற்றும்போதே, "என்னா, சூளகிரி வந்துருச்சா?" என்கிறார். மனைவி என்னைப் பார்க்கிறாள். ஓசூர் வண்டி பேசாமல் பின்னால் போகிறது.