கைப்பிடியும் கட்டைவிரலும்

காலை எட்டே முக்காலுக்கு மனித நாகரிகத்தின் உச்சம் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டது.

உச்சம் என்பது நம் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் பேச்சை ஒழித்த மகான். பிறகு அந்த ‘சீர்திருத்த’த்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ‘அமைதி இல்லம்’ என்று கைப்பேசியில் ஒரு குழு. சாப்பாட்டு மேசையில் கைக்கெட்டாத உப்பைக்கூடக் குழுவில் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். செய்தியைப் பார்த்தவர் கட்டைவிரல் போட வேண்டும். விரல் விழுந்தால் கடமை முடிந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒரு சண்டை இல்லை. காலி வீடு என்று நினைத்துச் சிலர் வாடகை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்கு அவர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். ‘பேச்சில்லா நிர்வாகம்’ பற்றி மேலதிகாரிகள் முன் பேச வேண்டும். பேசினால் மேலாளர் பதவி. வராவிட்டால் அது பக்கத்து மேசை வாயாடிக்கு.

குளித்துத் துண்டு கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். கைப்பிடி கையோடு வந்தது. கதவு வரவில்லை.

அவர் பதறவில்லை. கூச்சல் போடுவது காட்டுமிராண்டி வழக்கம். கைப்பேசி இல்லாமல் குளிக்கப் போகிறவர் அல்ல அவர். தட்டினார்: “அவசரம். உள்பக்கக் கைப்பிடி கழன்றுவிட்டது. வெளியிலிருந்து திருப்பவும்.”

நொடியில் மூன்று கட்டைவிரல்கள். எந்த நாட்டில் உண்டு இந்த வேகம்? அவர் பெருமையோடு காத்திருந்தார். காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“திருப்பவும்” என்று மறுபடி தட்டினார்.

மனைவி சமையலறையிலிருந்து எழுதினாள்: “பாத்துட்டேன். பொண்ணு திருப்புவா.”

மகள்: “தம்பிதான் பக்கத்துல இருக்கான்.”

மகன்: “எதுக்கு வம்பு? ஓட்டு போடுவோம்.”

‘யார் திருப்புவது?’ என்று வாக்கெடுப்பு வந்தது. முறைப்படி நடந்தது, கள்ள ஓட்டு இல்லை. வெளியூரில் இருக்கும் மைத்துனர் பெரும்பான்மையோடு தேர்வானார்.

“பொறுப்பை ஏத்துக்கிறேன் மாமா” என்று உடனே எழுதினார் மைத்துனர். “அடுத்த மாசம் லீவு கிடைச்சதும் வர்றேன்.”

மகள் அதற்குப் பூங்கொத்து போட்டாள். அத்தோடு கண்காணிப்பாளரின் கைப்பேசி கண்ணை மூடியது. சார்ஜ் இல்லை.

துண்டோடு நின்றார். ஜன்னலுக்கு வெளியே அலுவலகப் பேருந்து வந்து, நின்று, போனது. பதவி அதில் ஏறிப் போவது போலிருந்தது. வேறு வழியில்லை. வாயைத் திறந்தார். முதலில் காற்று வந்தது. பிறகு துருப்பிடித்த கேட்டைத் தள்ளியது போல ஏதோ வந்தது.

“யாராவது... கதவத் திறங்களேன்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மூன்று ஜோடிச் செருப்புகள் ஓடி வந்தன. அவருக்குக் கண் கலங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு.

“அம்மா, உள்ள யாரோ ஆம்பளக் குரல்.”

“அப்பாதானடா குளிக்கப் போனாரு?”

“அப்பா குரலு இப்படியா இருக்கும்?”

“எப்படி இருக்கும்?”

யாருக்கும் தெரியவில்லை. வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு கை விழுந்தது. திருப்பவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு மனைவியின் குரல், நடுக்கத்தோடு:

“யாருய்யா நீ? எங்க வீட்டுக்காரர என்ன பண்ணின?”