சாப்பிடாமல் எழுந்ததற்குக் காரணம் ஒரு சிலாம்பு

எம்.ரெட்டியபட்டி,
1991, மாசி மாதம், புதன்கிழமை.

அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்து நாலு பேர் மதிக்க நடத்திவரும் மச்சான் பால்ச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, நல்லமுத்து வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. சம்பந்தி என்று போட எனக்கு இன்றைய தேதியில் உரிமை இருக்கிறதா இல்லையா, தெரியவில்லை. அண்ணாச்சி என்று போட்டால் உங்கள் மகனும் என் மகளும் அண்ணன் தங்கச்சி ஆகிவிடுவார்கள். அதனால் மச்சான் என்று போட்டிருக்கிறேன். கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது கெட்டுப்போகாது. இங்கே என் வலது கையைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், உங்கள் வீட்டுக்காரி தங்கச்சி முத்துலட்சுமியின் சுகத்தையும், முக்கியமாகத் தங்கச்சியின் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆசைப்படுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கைக்கட்டுதான் காரணம் என்று எழுத நினைத்தேன். ஆனால் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கட்டு இல்லாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை நானும் என் மச்சினன் இன்பராஜும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில், நீங்கள் இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றின பிறகு, "வயிறு சரியில்ல" என்று நான் எழுந்தேனே, அது பொய். அன்றைக்கு என் வயிறு உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காகவே காலையிலிருந்து காலியாக வைத்திருந்த வயிறு. பழுது வயிற்றில் இல்லை, கையில். உங்கள் பெஞ்சிலிருந்து ஒரு மரச் சிலாம்பு என் உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில், ஏறிவிட்டது. உங்கள் மகனை எனக்குப் பிடித்துவிட்டது. உங்கள் வீட்டை எனக்குப் பிடித்துவிட்டது. பெஞ்சுக்கும் என்னைப் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம்.

அது ஏறின விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், அன்றைக்கு நான் சிரித்ததற்குச் சரியாகப் போகும். எண்ணெய் டின் தகரம் கிழித்ததென்று நீங்கள் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் பேசாமல் காப்பியைக் குடித்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்ட வாயில்லை. "ஏன் மச்சான், தகரம் கீறுனதுக்கா இம்புட்டுத் துணி? அரை வேட்டியில்ல சுத்தியிருக்கீக! யாவாரி கைன்னா பூவாத்தான் இருக்கும்போல. எங்க கையப் பாருங்க. இன்னைக்குக் காலையிலகூட வேலிக் கருவேல முள்ளை வெறுங்கையால இழுத்துப் போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன். ஒரு கீறல் உண்டா? இதுல ஆணி அடிச்சா ஆணிதான் வளையும்!" என்று சொல்லி, கையின் உறுதியைக் காட்டுவதற்காகப் பெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். நீங்கள் சிரித்தீர்கள், தங்கச்சி அடுப்படியில் சிரித்தது கேட்டது, மாப்பிள்ளை மணிகண்டன் திரும்பிக்கொண்டு சிரித்தார். என் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. உள்ளங்கையில் சுரீர் என்று ஒன்று இறங்கினதும், துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம்.

அதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்ல? ஆணி வளையும் என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. அதற்குள் "ஐயோ சிலாம்பு" என்று அதே வாயால் சொல்ல முடியுமா? அது போகட்டும் என்றாலும், பெண் கொடுக்க வந்த வீட்டில், முதல் தடவை படியேறின அன்றே ரத்தம் என்றால் சகுனம் என்ன ஆவது? என் வீட்டுக்காரி சந்தனம்மாளை உங்களுக்குத் தெரியாது. பல்லி சொன்னதென்று கத்தரி நாற்று நடுவதையே தள்ளிப்போட்டவள். அவள் காதுக்குப் போனால் கல்யாணத்தை அடுத்த பிறவிக்குத் தள்ளிவிடுவாள். அதனால் கையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி இலையைப் போட்டது. சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. இடது கையால் சாப்பிட்டால் உங்கள் வீட்டை நானே கேவலப்படுத்தினது மாதிரி. ஸ்பூன் கேட்கலாமென்றால், சம்பந்தம் பேச வந்தவன் காய்ச்சல்காரன் மாதிரி ஸ்பூனில் சாப்பிடுவதா? ஒன்றும் ஓடாமல் எழுந்துவிட்டேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டால் சம்மதம், இலையை விட்டு எழுந்தால் சம்பந்தம் வேண்டாம். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான், வரும்போது பஸ்ஸிலேயே இன்பராஜிடம் சொல்லி வைத்திருந்தேன்: "ஏலே, பந்தியில என் மூஞ்சியவே பாரு. நான் சாப்பிட்டா நீயும் சாப்பிடு. எனக்குப் பிடிக்காம நான் எந்திரிச்சா நீயும் மறுபேச்சுப் பேசாம எந்திரி." அவன் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, உருண்டை பிடித்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவன், நான் எழுந்ததைப் பார்த்ததும் உருண்டையை இலையில் வைத்துவிட்டு எழுந்தான். அந்த உருண்டையை அவன் பிரிந்து வந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் விடவில்லை. "என்ன குறை கண்டீக அத்தான்? மாப்பிள்ளை லட்சணமாத்தான இருக்காரு? கடை இருக்கு, வீடு இருக்கு, சாம்பார் வாசம் தெருமுனை வரைக்கும் வருது. எதுல குறை?" என்றான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் பஸ்ஸு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "ஆஆ" என்றேன். "அம்புட்டுக் கோவமா?" என்று கேட்டுவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்கு வந்து, நான் செருப்பைக் கழற்றுவதற்குள், அத்தானுக்கு மாப்பிள்ளை வீட்டின்மேல் பயங்கரக் கோபம் என்று அக்காளிடம் சொல்லிவிட்டான். சந்தனம்மாள் அழ ஆரம்பித்தாள். என் மகள் தங்கலட்சுமி அழவில்லை. எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து எனக்கு வருகிற கஞ்சியில் உப்பு இல்லை. மச்சான், என்னைக் கேலி பேசினால் நான் தாங்குவேன், திருப்பியும் பேசுவேன். அந்தப் பெட்டி பூட்டின சத்தத்துக்குத்தான் எனக்குப் பதில் பேச்சு வரவில்லை.

கைக்கு என்ன என்று சந்தனம்மாள் கேட்டபோது, சகுனத்துக்குப் பயந்து, "காலையில வேலியில ஏறுன கருவேல முள்ளு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். கொண்டா பார்ப்போம் என்று தாலிக்கயிற்றிலிருந்து சேப்டிபின்னை எடுத்து, விளக்கில் காட்டி, என் கையை மடியில் வைத்துக்கொண்டு தோண்ட ஆரம்பித்தாள். "அசையாதீக. இந்தா தெரியுது கருப்பா. அசையாதீகன்னா!" நானும் அசையாமல் இருந்தேன். தோண்டித் தோண்டிப் பார்த்தபின் அது என் மச்சம் என்று தெரிந்தது. பிறகு பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வந்து, எருக்கம்பால் வைத்தால் முள் தானாக வெளியே வரும் என்றாள். வைத்தோம். முள் வரவில்லை, தோல் வந்தது. அப்புறம் வெல்லத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டால் இழுத்துவிடும் என்றாள். அது நிஜமாகவே இழுத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன், தெருவில் இருக்கிற கட்டெறும்பை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. வெல்லத்தைத் தின்றுவிட்டு அதுகள் போயிருக்கலாம். வாயை இனிப்பாக்கிக்கொண்டபின் என்னைக் கடித்தன.

மறுநாள் கம்பவுண்டரிடம் போனேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எது முள்ளு, எது மச்சம், எது எறும்புக்கடின்னு எனக்கே குழப்பமா இருக்கு. நல்லாப் பழுத்து வரட்டும்" என்றார். "பழுக்க விடுறதுக்கு இது என்ன கொய்யாக் காயா?" என்றேன். அந்தக் கோபத்திலோ என்னவோ இடது புஜத்தில் ஒரு ஊசியைப் போட்டார். அது வீங்கிவிட்டது. வலது கை மடங்காது, இடது கை தூக்க வராது. வலது கை முழுக்கக் கட்டு வேறு. சட்டை மாட்ட இன்பராஜ் வேண்டியிருக்கிறது.

இனிமேல்தான் நீங்கள் மன்னிக்க வேண்டிய பெரிய விஷயம் வருகிறது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பருத்தி வாங்க வந்த ஒரு யாவாரி, என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது?" என்றார். போகிற வருகிறவனெல்லாம் இதையே கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போயிருந்தது. "மாப்பிள்ளை வீடு பாக்கப் போனேன்ல, சம்பந்தி கடிச்சுட்டாரு" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தவர் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டாமா? பருத்தி லோடோடு சேர்த்து அருப்புக்கோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது உங்கள் கடைக்கு உளுந்து வாங்க வருகிறவர்கள் உளுந்தைப் பார்க்காமல் உங்கள் பல்லைப் பார்க்கிறார்களாம். நேற்று டவுனுக்கு வந்த இன்பராஜைத் தங்கச்சி தெருவிலேயே மறித்துக் கேட்டதாம்: "இலையை விட்டு எந்திரிச்சது போதாதுன்னு, கடிச்சோம்னு வேற சொல்லுதாகளாக்கும்? என்ன, எங்க வீட்ல நாயா வளக்கோம்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். வந்து ஒழுங்கா உக்காந்து சாப்பிட்டா சரி. இல்லையா, சனிக்கிழமை பந்தல்குடிக்குப் பொண்ணு பாக்கக் கிளம்புதோம்!"

இன்பராஜ் இதைச் சொல்லும்போது தங்கலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு மட்டும் நான் உள்ளதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இடது கையில சாப்பிட்டிருந்தாக்கூட அவுக தப்பா நினைச்சிருக்க மாட்டாகப்பா" என்றாள். "அவுகன்னா யாரு? அவுக எப்படி நினைப்பாகன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள். அடுப்பில் பாலே இல்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை மச்சான். உங்கள் பக்கத்தில் யாருக்காவது விளங்கினால் மணிகண்டனிடம் மெதுவாக விசாரிக்கவும்.

ஆகையால் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நான் சம்பந்தம் வேண்டாம் என்று எழவில்லை. நீங்கள் கடிக்கவில்லை. உங்கள் பெஞ்சுதான் கடித்தது. அதையும் குற்றமாகச் சொல்லவில்லை, யாராவது ஆசாரியை வரச் சொல்லி நாலு இழைப்பு இழைத்துவிட்டால் நாளைக்குப் பேரன் பேத்தி உட்காருகிற இடம் நன்றாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நானும் இன்பராஜும் வருகிறோம். எழுந்தவர்கள் இரண்டு பேர், ஆகையால் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் கணக்கு நேராகும். இலையைப் போடுங்கள். விரல் மடங்காவிட்டாலும், உயிரே போனாலும், வலது கையால் சாப்பிட்டு, பாயசத்தையும் வழித்துவிட்டுத்தான் எழுவேன். பந்தல்குடிக்குப் பஸ் ஏறிவிட வேண்டாம். அந்தப் பெட்டியை என் மகள் திரும்பத் திறக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். என்ன முறையில் ஆசீர்வாதம் என்பது வெள்ளிக்கிழமை தெரியும். தங்கச்சிக்கு என் கும்பிடு, ஒரு கையால்தான் போட முடிகிறது, இரண்டாக எடுத்துக்கொள்ளவும். உங்கள் விரல் காயம் சீக்கிரம் ஆறி, கடையும் குடும்பமும் தழைக்க ரெட்டியபட்டி மண்ணிலிருந்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஆணி வளையும் என்று சொன்ன
நல்லமுத்து.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து, மடிப்பு நன்றாக விழட்டுமென்று உள்ளங்கை மேட்டால் அழுத்தினேன். கட்டுக்குள் புளுக்கென்றது. அவிழ்த்துப் பார்த்தால், தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சந்தனம்மாள் முள்வாங்கியால் பிடுங்கிவிட்டாள். தங்கலட்சுமி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இத்தனை நாளுக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். "இது சிலாம்பு இல்லப்பா, கருவேல முள்ளு." ஆமாம் மச்சான், எங்கள் வேலி முள்தான். காலையிலேயே நுனி ஏறியிருக்கிறது, உங்கள் பெஞ்சு அதை உள்ளே தள்ளிவிட்டது, அவ்வளவுதான். "நீங்கதான் அன்னைக்கே வேலி முள்ளுன்னு சொன்னீகளே" என்கிறாள் சந்தனம்மாள். அவளிடம் நான் பொய்யென்று சொன்னது நிஜமாகிவிட்டது. நிஜமென்று உங்களுக்கு எழுதின இத்தனை பக்கமும் பொய்யாகிவிட்டது. திரும்ப எழுதக் கையில் தெம்பில்லை, அப்படியே வைத்துக்கொள்ளவும். முள் என்னுடையது, கை என்னுடையது, ரத்தம் என்னுடையது, உங்கள் வீட்டுக்குச் சகுனத்தில் பங்கில்லை. ஆசாரி வந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடவும். அத்தாட்சிக்கு முள்ளை ஒரு துண்டுத் தாளில் சுருட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். தங்கச்சியிடம் காட்டவும்.

(கவரின் முதுகில்)

மச்சானுக்கு: சோற்றுப் பசை போட்டு ஒட்டினேன். நாளைக்கு இன்பராஜ்தான் கொண்டுவருகிறவன் என்பதால், நன்றாக ஒட்டட்டும் என்று உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். முள் கவரைக் குத்திக்கொண்டு ஏறி இப்போது அவன் கையில் இருக்கிறது. உள்ளே தேட வேண்டாம். வெள்ளிக்கிழமை எனக்கு இலை போதும். அவனுக்கு மட்டும் ஒரு ஸ்பூன்.