ஒத்த ஸ்டார் அண்ணே வாங்கித் தந்த காட்டுக் கேமரா

இந்த உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் நேராக சிம்மக்கல்லுக்கு வந்து, நான் வேலை பார்த்த மோட்டார் பம்ப் சாமான் கடையில் எனக்கு அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைக் காலண்டரில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தாலும், எதிர்க்கடைக் காலண்டரை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் சாமி படத்துக்குப் பூப் போடுவார்.

அவருக்கு ‘ஒத்த ஸ்டார் அண்ணே’ என்று பெயர். செல்போனில் சாமான் வாங்கும் காலம் வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர் இது. நாமெல்லாம் ஒரு பொருளை வாங்குமுன் ஐந்து ஸ்டார் போட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். அண்ணனோ, ஒரே ஒரு ஸ்டார் போட்டுத் திட்டியவர்களை மட்டும்தான் படிப்பார்.

“அஞ்சு ஸ்டார் போடுறவன் பொட்டியப் பிரிச்ச சந்தோசத்துல போடுறான்யா. ஒத்த ஸ்டார் போடுறவன்தான் அத வச்சுக் குடும்பம் நடத்திருக்கான்” என்பார்.

இந்தக் கொள்கையால் அண்ணி இரண்டு வருஷம் குக்கர் இல்லாமல் சட்டியில் சோறு வடித்தார். யாரோ முகம் தெரியாத ஒருவர் ‘விசில் வரவில்லை’ என்று எழுதியதுதான் காரணம். புது ஓட்டலுக்குப் போனால் அண்ணன் முதலில் கை கழுவும் இடத்தில் போய் நிற்பார். சாப்பிட்டு முடித்து வருபவர்களின் முகத்தைப் பத்து நிமிஷம் பார்த்த பிறகுதான் நாங்கள் உட்கார முடியும். எங்களுக்கோ பசி உயிர் போகும்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததுதான் உச்சம். பையனைப் பற்றி நல்லபடியாகச் சொன்ன ஒருவரிடமும் அண்ணன் காது கொடுக்கவில்லை. பையனோடு சண்டை போட்டவர்கள் யார் யார் என்று விசாரித்து, செல்லூரில் அவனுடைய பழைய வீட்டுக்காரரைத் தேடிப் போனார். அந்த மனிதர் முக்கால் மணி நேரம் திட்டியிருக்கிறார். அண்ணன் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

“தண்ணி மோட்டாரப் போட்டுட்டு அமத்த மறந்துருவானாம். வேற குறையே இல்ல. பேசி முடிச்சிருங்க.”

அந்த மாப்பிள்ளை தங்கமான பையன். இன்றைக்கும் மோட்டாரை அமத்த மறந்துவிடுகிறான் என்று கேள்வி.

இப்படிப்பட்டவர் என் அக்கா வீட்டு விஷயத்துக்குள் எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் அக்காவும் மாமாவும் நிலக்கடலை போட்டிருந்தார்கள். காய் பிடிக்கிற நேரத்தில் எதுவோ வந்து தினமும் தோண்டித் தின்றுவிட்டுப் போனது. மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் கடைக்கு வந்து, “மாப்ள, நூறு மீட்டர் கம்பி குடு” என்றார். வேலிக்கு என்றார். அக்கா புருஷன் ஆயிற்றே, நானும் வாய் பேசாமல் அளந்து சுருட்டிக் கொடுத்தேன்.

பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் விடவில்லை.

“வேலிக்குன்னா முள்ளுக்கம்பியில்ல கேப்பாக? இது என்ன வெறுங்கம்பி?”

“பன்னிக்குண்ணே. சுத்திக் கட்டிக் கரண்டக் குடுத்தா காலையில செத்துக் கெடக்கும்.”

அப்படிப்பட்ட கம்பியில் கால் வைத்து மாடு போன கதையும் மனுஷன் போன கதையும் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. கம்பி கட்டியவன் ஜெயிலுக்குப் போன கதையும் உண்டு. ஆனால் மாமாவிடமிருந்து கம்பியைத் திருப்பி வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணன்தான் பேசினார்.

“பன்னிதான்னு எப்பிடித் தெரியும்? கண்ணால பாத்தீகளா?”

“தடம் கெடக்குண்ணே.”

“தடத்தையெல்லாம் நம்பாதீக. ஒரு கேமரா வாங்கித் தாரேன். கட்டுன மறுநாள்லருந்து பத்து நாளு குடுங்க. யாரு வாராய்ங்கன்னு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுவோம்.”

எங்கள் மாமாவுக்கு வாட்ஸப்பில் படம் போடுவது என்றால் உயிர். பன்றியின் போட்டோ கிடைக்கும் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். “பத்து நாளுண்ணே. பதினோராம் நாளு என் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

மரத்தில் கட்டி வைத்துவிட்டால், முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கிற கேமரா அது. மான் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வாங்குவார்களாம். அவர்கள் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டியதையெல்லாம் அண்ணன் செல்போனிலேயே தமிழாக்கி நாலு நாள் படித்தார். ஒருவனுக்கு மான் போன பிறகு வால் மட்டும் விழுந்ததாம். ஒருவனுக்குக் கேமராவின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து மான் ஓடிவிட்டதாம். இன்னொருவனுக்குப் பேட்டரி மூன்றாம் நாள் செத்துவிட்டதாம். வேறொருவன் கேமராவுக்குள் எறும்பு முட்டையிட்டிருந்ததாம்.

“வேட்டைக்காரன் மிருகத்தப் பத்தித்தான்யா பொய் சொல்லுவான். கேமராவப் பத்திப் பொய் சொல்ல மாட்டான்” என்று எனக்கு விளக்கம் வேறு.

முதல் கேமரா வந்ததும் கடைக் கோடவுனில் சோதனை நடந்தது. மூட்டை கட்டுகிறவரும் நானும் பன்றிகள். நாலு காலில் குறுக்கே ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

“என்னய்யா நடக்குது என் கோடவுன்ல?”

“டெஸ்டிங் மொதலாளி. நீங்களும் ஒருக்கா ஓடுங்க. ஒங்க சைஸுதான் கரெக்டா இருக்கும்.”

முதலாளி ஓடவில்லை. ஆனால் அண்ணனை அடிக்கத் துரத்தினார். கேமராவில் முதலாளியின் செருப்புக் குதிகால் மட்டும் விழுந்திருந்தது. “இது லேட்டு” என்று அண்ணன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவதாக வந்த கேமராவில் முதலாளி பல்லைக் கடிப்பது வரை தெளிவாக விழுந்தது. அப்புறம் அதைக் குழாயடியில் அரை மணி நேரம் நனைத்தார். கருப்பட்டித் தண்ணீரைத் தடவி டீக்கடை ஓரத்தில் ஒரு நாள் முழுக்க வைத்தார். எறும்புகள் சுற்றிச் சுற்றி வந்தனவே தவிர உள்ளே போகவில்லை. கேமரா பாஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வேப்பமரத்தில் கட்டினோம். புதிதாக ஒரு மெஷின் வந்தால் எங்கள் வீடுகளில் சும்மா விடமாட்டார்கள். அக்கா சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகைப் பூவைச் சுற்றிவிட்டு, சூடம் காட்டினாள். எதையும் நம்பாத அண்ணனும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசையை அவர் சோதிக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டார்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். அத்தனையிலும் மல்லிகைப் பூ. காற்றில் பூச்சரம் ஆட ஆட, பன்றி என்று நினைத்துக் கேமரா எடுத்துத் தள்ளியிருக்கிறது. நடுவில் குங்குமம் சிவப்பாய் ஒரு வட்டம். ஒரு முழம் பூ எப்படி வாடும் என்பதை இதைவிட விவரமாக யாரும் படம் எடுத்திருக்க முடியாது. மாமா குதித்தார்.

“அண்ணே, பூப் பாக்கவா நான் கடலை போட்டேன்? பாதிக் காடு போச்சுண்ணே!”

அண்ணன் பூவைப் பிய்த்துப் போட்டு, கைக்குட்டையால் கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “பாக்கி மூணு நாளு இருக்குல்ல மாப்ள?”

அடுத்த மூன்று நாளும் கடையில் அண்ணன் சரியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். பேன்ட் முழுக்க ஒட்டுப்புல். முதலாளி சத்தம் போட்டார். வீட்டில் அண்ணியோடு ஏதோ சண்டை போல, கோச்சடை ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு அண்ணனும் நானும் அக்கா ஊருக்குப் போனோம். கேமராவிலிருந்த கார்டைச் செல்போனில் மாட்டி மாமா படங்களைத் தள்ளினார். முதல் படத்தில் விடிந்தும் விடியாத வெளிச்சம். கடலைக் காட்டுக்கு நடுவே ஒத்த ஸ்டார் அண்ணன். தேதியும் நேரமும் எழுதிய காகிதத்தைக் கேமராவைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றார்.

“ஏண்ணே, இது நீங்கதான?”

அண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. “மூணாம் நாள் பேட்டரி செத்துப்போச்சுன்னு ஒருத்தன் எழுதிருந்தான்ல. அதான் மொத பஸ்ஸப் பிடிச்சு வந்து பாத்துட்டுப் போனேன். ஒங்களத் தொந்தரவு பண்ணல.”

அவர் போன பத்தாவது நிமிஷத்தில் பன்றிகள் வந்திருந்தன. தாயும் ஐந்து குட்டிகளும். அவர் கிளம்பட்டும் என்று காத்திருந்தது போல, கிழக்கு வேலியின் ஒரு சந்து வழியாக வரிசையாக நுழைந்திருந்தன. மாமா சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். மறுநாளும் அதே அண்ணன், அதே காகிதம், அதே சந்து, அதே பன்றிகள்.

புதன்கிழமைப் படத்தில் அண்ணன் காகிதத்தைப் பிடித்திருக்கவில்லை. பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். முழங்காலுக்குக் கீழே, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மெல்லிசாய் ஒரு கோடு மின்னியது.

நான் அளந்து கொடுத்த கம்பி.

மாமா செல்போனை என் கையில் திணித்தார். “செவ்வாக்கெழம சாயங்காலமே கட்டிட்டேன் மாப்ள. பொறுக்க முடியல. கரண்டக் குடுக்கலாம்னு மோட்டார் ரூம் சாவியத் தேடுனேன். எங்க தேடியும் கெடைக்கல.”

“அரிசிப் பானைக்குள்ள கெடக்கு” என்றாள் அக்கா. “நாந்தான் போட்டேன்.”

மாமா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏண்ணே, கம்பி கெடந்தது ஒங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுச்சே.”

“தெரிஞ்சுமா தாண்டுனீக?”

“பத்து நாளுன்னு நீங்க சொல்லிருந்தீகள்ல மாப்ள. அன்னிக்குப் பத்தாம் நாளுதான?” என்றார் அண்ணன், சாதாரணமாக.

மாமா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே எழுந்து போய்க் கம்பியை அவிழ்த்தார். நானும் கூடப் போய் அவிழ்த்தேன். மாமா கேட்டு வாங்கிய பதினோராம் நாள் அது. கிழக்கு வேலிச் சந்தை முள்வெட்டிப் போட்டு அடைத்தோம். அக்கா வீட்டிலிருந்த பழைய சேலைகளையெல்லாம் கொண்டுவந்து காட்டைச் சுற்றிக் கட்டினாள். சேலை ஆடினால் பன்றிக்கு ஆகாது. மிச்சக் கடலையில் பெரும்பகுதி வீடு வந்து சேர்ந்தது.

கம்பிச் சுருளை மாமா அண்ணனிடமே கொடுத்து, “இது என்கிட்ட இருக்க வேணாம்ணே, எடுத்துட்டுப் போயிருங்க” என்று சொல்லிவிட்டார். சாயங்கால பஸ்ஸில் அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். மூன்று நாள் தூக்கம். அந்த மனிதர் இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சிம்மக்கல் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கத்தினார். அண்ணனை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. இன்னும் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, பஸ் கடைசியாகப் போய் நிற்கும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.