பெனால்டிக்கு முதல் மரியாதை

கால்பந்தை உலகுக்குக் கொடுத்தது நாங்கள்தான் என்று இங்கிலாந்துக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பந்துக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தது ஆப்பிரிக்காவை ஒட்டிய கொமோரோஸ் தீவுகளில் இருக்கும் எங்கள் இட்சங்கோனி ஊர். மற்ற இடங்களில் பந்து எவன் காலுக்கு வருகிறதோ அவனே அடித்துவிடுகிறான். காட்டுமிராண்டித்தனம். எங்கள் ஊரில் பந்துக்கே தராதரம் தெரியும்.

தராதரம் ரொம்ப எளிது. ஊரையே கூட்டி, நாட்கணக்கில் மாடடித்துச் சோறு போட்டு, ‘பெரிய கல்யாணம்’ செய்தவர் பெரிய மனிதர். அவர் சரிகை அங்கி போடலாம், ஊர்ச் சதுக்கத்தில் வாய் திறக்கலாம், விருந்தில் முதல் கறித்துண்டு அவருக்கு. செய்யாதவன் ‘பையன்’. எங்கள் அணியின் பயிற்சியாளர் சங்காமாவுக்கு வயது ஐம்பத்தேழு, கல்யாணம் மூன்று, பேரப்பிள்ளைகள் ஏழு. மூன்றில் ஒன்றுகூடப் ‘பெரியது’ இல்லை என்பதால் அவரும் பையன்தான்.

அவருடைய அக்கா மகன் இபூரோய்க்குப் பத்தொன்பது வயது. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் தரையில் வெறுங்காலோடு பந்து பழகியவன். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இருபத்திரண்டு கோல் போட்டிருந்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இளமையில் எல்லோரும் செய்கிற தவறுதான். ஒவ்வொரு கோலுக்கும் முன்னால் பந்தை ஒருமுறை அணித்தலைவர் மாதியின் காலில் காட்டிவிட்டுப் போடவேண்டும் என்பது எங்கள் விதி. மாதிக்கு நாற்பத்தொன்பது. பதினொரு பேரில் பெரிய கல்யாணம் முடித்தவர் அவர் ஒருவரே. நடு மைதானத்தில் நிற்பார். ஓடமாட்டார். பெரிய மனிதர் எதற்காக ஓடவேண்டும்?

தீவுக் கோப்பை இறுதிப் போட்டிக்கு, பிரான்சின் மார்செய் நகரக் கால்பந்துக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒருவர் வந்திருந்தார்.

“ஒரே ஒரு இடம்தான் இருக்கு,” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். “ஒண்ணு உங்க இபூரோய், இல்லேன்னா எதிரணி கோல்கீப்பர். ஆட்டத்தைப் பாத்து முடிவு பண்றேன்.”

இபூரோய்க்கு அதற்குப்பிறகு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கடைசி நிமிடம். எங்கள் அணி ஒரு கோல் பின்னால். இபூரோய் மூன்று பேரை ஏமாற்றிக் கோல் கட்டத்துக்குள் புகுந்தான், காலைத் தட்டிவிட்டார்கள். நடுவர் விசில் ஊதினார். பெனால்டி.

“எடுத்து வை மாப்ளே. யோசிக்காதே, அடிச்சிடு,” என்றார் சங்காமா, கோட்டுக்கு வெளியே நின்று, உதடு அசையாமல்.

இபூரோய் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். எதிரே மாதி நின்றிருந்தார். அந்த வருஷத்திலேயே அவர் பாதி மைதானம் தாண்டியது அன்றுதான்.

“தம்பி, என்ன பண்றே?”

“பெனால்டி அடிக்கப் போறேன், பெரியவரே.”

“யாரைக் கேட்டு?”

“நான்தானே விழுந்தேன்?”

“விழறதுக்கு யாரு வேணா விழலாம். அடிக்கிறது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். அதைச் சபைதான் சொல்லணும்.”

சபை கூடியது. ஊரில் பெரிய கல்யாணம் முடித்த மற்ற எட்டுப் பெரியவர்களும் நாற்காலிகளோடு மைதானத்துக்குள் வந்து பந்தைச் சுற்றி அமர்ந்தார்கள். இறைவணக்கம், முன்னோர் வணக்கம், நாற்காலிகளின் வரிசை பற்றி ஒரு விவாதம், அதன்பின் வரவேற்புரை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் ஒரு பையன் என்பதால் விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.

“ஏதாவது தகராறா?” என்று கேட்டார் மார்செய்க்காரர்.

“இல்லீங்க, மரியாதை,” என்றார் சங்காமா.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தகராறுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்.”

நாற்பது நிமிட ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு, அடிக்கும் தகுதி மாதிக்கே என்று முடிவானது. இபூரோய்க்கு எட்டுப் பேரையும் நாற்காலியோடு தூக்கிக் கடலில் போடலாம் போலிருந்தது. ஆனாலும் பந்தை இரண்டு கையாலும் எடுத்துப் பணிவாகக் கொடுத்தான். ஒரு கையால் கொடுத்திருந்தால் அதற்கு இன்னொரு சபை கூடியிருக்கும்.

மாதி சரிகை அங்கியை வரவழைத்து, பனியன்மேல் அணிந்துகொண்டார். கோல்கீப்பர் அவருக்கு வலப்பக்கம் இருந்த கம்பத்தருகே போய்ச் சாவகாசமாக நின்றான். பெரிய மனிதர் எந்தக் காரியத்தையும் இடப்பக்கம் தொடங்கமாட்டார் என்பது தீவில் யாருக்குத்தான் தெரியாது? பந்து உருண்டு உருண்டு அவன் காலடிக்கே வந்தது. மார்செய்க்காரர் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது இபூரோயின் தோளைத் தட்டினார். “உன் கால் நல்ல கால்தான். ஆனா நான் பாத்ததைத்தானே எழுத முடியும்? அடுத்த வருஷமும் வருவேன். ஆடுறதை மட்டும் விட்டுடாதே.”

மறுநாள் சதுக்கத்தில் விசாரணை. தோல்விக்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டுமே.

“இவன் எதுக்குக் கட்டத்துக்குள்ள போய் விழுந்தான்?” என்று கேட்டார் மாதி. “பத்தடி முன்னாடியே விழுந்திருந்தா பெனால்டியே கிடையாது. எனக்கும் இந்தத் தலைகுனிவு வந்திருக்காது.”

சபை அசந்துபோனது. இத்தனை தெளிவான காரணம் இதற்குமுன் எந்தத் தோல்விக்கும் கிடைத்ததில்லை. இபூரோய் இரண்டு வருஷம் பந்தைத் தொடக்கூடாது என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது.

“யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?” மாதி ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்டார். அவர் நியாயவான்.

இபூரோய் எழுந்தான். “பெரியவரே, அடுத்த வருஷம் அவரு திரும்பி வர்றப்ப நான் ஆடலேன்னா...”

“பையன்கள் சபையில பேசக்கூடாது. உக்காரு.”

சங்காமா எழுந்தார். அவரையும் உட்கார வைத்தார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த நானூறு பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இபூரோய் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுவதற்கு எங்கள் ஊரில் தகுதி கேட்பதில்லை.

பேசும் உரிமை பெற்ற ஒன்பது பேரில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆகவே, தீர்மானத்தை ஊரே ஒருமனதாக நிறைவேற்றியது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.