அலங்காரக் கணக்கில் ஒரு மூட்டை ரெசின்

தண்ணீரின் தூய்மைக்காக எங்கள் குடிநீர் வழங்கல் துறை பட்ட பாட்டை இந்தப் பூமியில் வேறெந்தத் துறையும் பட்டிருக்காது. கடலும் மேகமும் காலங்காலமாகத் தண்ணீர் விஷயத்தில் ஈடுபட்டிருக்கின்றன. அதற்காக ஒரு கூட்டமாவது போட்டதுண்டா? நாங்கள் போட்டோம். 'மீன் தொட்டி நீர்த்தூய்மைக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் அந்த வரலாற்றைச் சொல்லும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் பெரிய பொறியாளர் எதையும் நவீனமாகச் செய்பவர். புகார் கொடுக்க வருகிறவர்கள் கோபமாகவே வருவது அவர் மனதை வாட்டியது. குழாயைச் சரிசெய்வது பழைய முறை. அவர் 'மன அமைதி ஆலோசகர்' ஒருவரை வரவழைத்தார். ஆலோசகர் புகார்க் கூடத்தில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, "இங்க ஒரு மீன் தொட்டி வைங்க. மீன் நீந்தறதப் பாத்தா மனுஷனுக்குக் கோபமே வராது" என்றார். சுவர் அகலத்துக்குத் தொட்டி வந்தது. தட்டு மாதிரி வட்டமான, பார்த்தாலே பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று தெரிகிற மீன்கள் வந்தன. எங்கள் குழாய்த் தண்ணீரை நிரப்பி அவற்றை விட்டோம். மறுநாள் காலையில் எல்லாம் மல்லாந்து மிதந்தன.

இதைப் பார்த்தும் கோபம் குறையாதவர்களில் முக்கியமானவர் பாட்டிலம்மா. தையல் வேலை செய்கிறவர். வாரம் தவறாமல் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வருவதால், அலுவலகம் அன்போடு சூட்டிய பெயர் அது. அவர் தெருக் குழாய் சாக்கடைக்குள் கிடக்கிறதாம், விரிசலாம். நான்கு வயது மகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டாளாம்.

"காய்ச்சிக் குடிங்கம்மா" என்போம்.

"காய்ச்சினாலும் நாத்தம் போக மாட்டேங்குது சார். டாக்டர் தண்ணிய மாத்துன்னு சொல்றாரு. நான் எங்க போய் மாத்துவேன்? குழாய மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

தண்ணீர் சுத்தம் என்று நாங்களே சான்று கொடுத்திருக்கும்போது குழாயை மாற்றுவது எங்களை நாங்களே அவமதிப்பதாகாதா? அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைப்போம்.

மீன் விஷயம் அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. நானும் பெரிய பொறியாளரும் நேராக மீன் கடைக்கே போனோம்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்றார் கடைக்காரர்.

"நம்ம தண்ணிதான்" என்றார் பெரிய பொறியாளர், பெருமையாக.

"குழாய்த் தண்ணியா? ஐயோ பாவம்!"

பாவம் மீனா, நாங்களா என்று அவர் விளக்கவில்லை. உள்ளே போய் ஒரு பை எடுத்து வந்தார். அதில் கடுகளவு நீல மணிகள், ஈரத்தோடு மினுமினுத்தன. "இதுக்குப் பேரு ரெசின். தண்ணிய முதல்ல ஆர்.ஓ. மெஷின்ல விடுங்க. அதுலயும் போகாம கரைஞ்சு கிடக்கறத இது பிடிச்சுக்கும். பிடிக்கப் பிடிக்க நீலம் பழுப்பாகும். முழுக்கப் பழுப்பாயிட்டா மாத்திடுங்க. வர்ற தண்ணி ரொம்பச் சுத்தமா இருக்கும், அது அப்படியே மீனுக்கு ஆகாது. இந்த உப்புப் பொடியக் கொஞ்சம் கலந்து விடணும். ரெசினத் தேவைக்கு மட்டும் வாங்குங்க. ஈரம் போகாம இறுக்கிக் கட்டி வைங்க. வெயில் படவே கூடாது."

"தேவைக்கு மட்டும் வாங்கி எங்க ஆபீசுல பழக்கமில்லீங்க" என்றேன் பணிவோடு.

கூட்டம் கூடியது. கணக்கு அதிகாரி முதலிலேயே முட்டுக்கட்டை போட்டார்.

"எதுக்கு வாங்கறோம்னு எழுதறது?"

"தண்ணியச் சுத்தம் பண்றதுக்கு" என்றேன்.

"எந்தத் தண்ணிய? நம்ம தண்ணியவா? அது சுத்தம்னு மாசாமாசம் நாமதானே கையெழுத்துப் போடறோம்? சுத்தமான தண்ணியச் சுத்தம் பண்ண மூட்டை மூட்டையா வாங்கினா, தணிக்கையில என்ன பதில் சொல்றது?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"தண்ணி ஏற்கனவே சுத்தந்தான், அதுக்கு ஒரு ஊக்கம் குடுக்கறதுக்குன்னு எழுதலாமே" என்றார் உதவிப் பொறியாளர்.

பெரிய பொறியாளர் கையை உயர்த்தினார். "அது என்ன நிறம்?"

"நீலம் சார்."

"பாக்க அழகா இருக்கா?"

"ரொம்ப அழகு சார்."

"அப்ப அலங்காரப் பொருள். வாங்குங்க."

மேசையைத் தட்டி ஆரவாரித்தோம். மேதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ரெசின் வந்து இறங்கியது. கிடங்கு அலுவலர் விதியை விட்டு இம்மி பிசகாதவர். அலங்காரப் பொருளைப் பார்வையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. மூட்டையைப் பிரித்து, மணிகளைக் கண்ணாடி ஜாடிகளில் கொட்டி, மூடி போடாமல், வெயில் பளிச்சென்று அடிக்கிற ஜன்னலில் வரிசையாக அடுக்கிவிட்டார்.

"இத நிழல்ல, ஈரமா வைக்கணும்ங்க!" என்று பதறினேன்.

"அலங்காரப் பொருள நிழல்ல ஈரமா வெச்சா பூஞ்சை பிடிக்கும். இத்தன வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியாதுதான். தலைகுனிந்தேன். வந்தவர்கள் ஜாடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மணிகளோ வெயிலில் காய்ந்து, வெடித்து, தவிடாகிப் போயின. ஆகவே இரண்டாவது மூட்டை வாங்கினோம். இந்த முறை பெரிய பொறியாளரே பொறுப்பேற்று, இறுக்கக் கட்டித் தன் குளுகுளு அறைச் சோபாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அலுவலகத்திலேயே வெயிலும் பொதுமக்களும் எட்டிப் பார்க்காத இடம் அதுதான்.

தண்ணீரை ஆர்.ஓ. மெஷினிலும் ரெசினிலும் விட்டு, உப்புப் பொடி கலந்து நிரப்பியதும் புதிதாக மூன்று மீன்கள் வந்தன. பிழைத்தன! நீந்தின, வாலாட்டின, தீனி கேட்டன. ஆனால் மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய ரெசின் ஒரு வாரத்திலேயே பழுப்பாகிவிட்டது. போலிச் சரக்கா என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனோம்.

"ரெசின் மேல குத்தமில்ல சார்" என்றார் அவர். "அதுவும் எவ்வளவுதான் தாங்கும்?"

வாரத்துக்கு வாரம் மாற்றினோம். பழுப்பு மணிகளைக் கறுப்புப் பையில் கட்டி, யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்தினோம். ஒரு தகப்பன்கூடத் தன் பிள்ளைகளை இப்படிப் பேணியிருக்க மாட்டான். மீன்கள் கொழுகொழுவென்று ஆனதும் பெரிய பொறியாளருக்கு அடுத்த யோசனை உதித்தது. தொட்டியின் மேல் ஒரு பலகை மாட்டினார்: 'எங்கள் குடிநீரில் எங்கள் மீன்கள்!' இனி தண்ணீர் சரியில்லை என்று யார் வந்தாலும் தொட்டி முன்னால் நிறுத்த வேண்டியதுதான்.

பாட்டிலம்மா வந்தார். வழக்கமான பாட்டில், உள்ளே வழக்கமான கலங்கல். முகம் மட்டும் வழக்கத்தைவிட வாடியிருந்தது.

"பிள்ளைய மறுபடி ஆஸ்பத்திரியில சேத்து, நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன் சார். இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாள்னு டாக்டர்..." பாட்டிலை என் முன்னால் நீட்டினார்.

பெரிய பொறியாளரே அறையை விட்டு வெளியே வந்தார். "இங்க பாருங்கம்மா. இது உங்க வீட்டுக்கு வர்ற அதே தண்ணி. மீன் எப்படி இருக்கு பாத்தீங்களா? இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

பாட்டிலம்மா மீன்களை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நிஜமா அதே தண்ணியா சார்?"

கோப்பின்படி ரெசின் அலங்காரப் பொருள்தானே? "அதே தண்ணிதாம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்று பாட்டிலைத் திறந்தார். "இத உள்ள ஊத்தறேன். மீனுக்கு ஒண்ணும் ஆகலேன்னா இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்."

கை தொட்டிக்கு மேலே போனது.

அடுத்த கணம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. கணக்கு அதிகாரி நாற்காலியைத் தாண்டிக் குதித்தார். கிடங்கு அலுவலர் தொட்டியின் மேலேயே கவிழ்ந்து படுத்தார். உதவிப் பொறியாளர் கைகளை அகல விரித்து நின்றார். நான் பாட்டிலம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பெரிய பொறியாளர் தொண்டை கிழியக் கத்தினார்:

"அதப் போயி ஊத்தறீங்களே, கொல்லப் பாக்கறீங்களா?"

கூடமே அமைதியானது. ஆலோசகர் சொன்ன மன அமைதி அதுதானோ என்னவோ.

"நான் இத்தன நாளா கேக்க வந்தது அதத்தான் சார்" என்றார் பாட்டிலம்மா.

 அவர் பாட்டிலை மூடி, எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அவர் வீட்டில் வேறு தண்ணீர் கிடையாது. 'புகார்தாரர் நீர் மாதிரியைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டதால் புகார் முடிக்கப்பட்டது' என்று நான் எழுதினேன். பெரிய பொறியாளர் கையெழுத்திட்டார்.

குடிநீர்த் துறைக்கு உயிரின் அருமை தெரியாது என்று இனி ஒருவரும் நாக்கில் நரம்பில்லாமல் பேச முடியாது. எங்கள் தண்ணீரிலிருந்து அன்று மூன்று உயிர்களை எங்கள் கையாலேயே காப்பாற்றினோம். மூன்றும் மீன்கள்.